‘இந்தச் சாவி செல்லாது’: சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் இந்த எச்சரிக்கையை ஏன் மூடிவிடக் கூடாது?

பழவேற்காட்டில் ஒரு நாளைக்கு கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது படகும் வலையும் மட்டுமல்ல, செய்தியும்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள் என்றால் கடலுக்குள் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை வரும். அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி போன்ற தகவல்களை ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடுகிறது. முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறதா, படகு வெளியே போகுமா என்பது மட்டும் உள்ளூர்க்காரர்கள் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

இந்தத் தகவல்கள் இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. யார் எழுதியது, நேற்றையதா போன வருடத்தையதா, நாலு கை மாறியதில் என்ன மாறியது என்று எதுவும் தெரியாது. ‘ஃபார்வர்டு’ என்ற ஒற்றைச் சொல்தான் அதன் முகவரி.

அதனால் ஒரு குப்பத்து இளைஞர்கள் சேர்ந்து, தங்கள் ஊருக்கென்று சொந்தமாக ஒரு இணையப் பக்கம் நடத்த நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய செலவில்லை. மாதம் சில நூறு ரூபாய்க்கு வாடகை சர்வர் கிடைக்கிறது. இல்லாவிட்டால் உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினி ஒன்றை வீட்டிலேயே வைத்து ஓட்டலாம். லினக்ஸ் இலவசம். வெப்சைட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஏற்றிவிடலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

குப்பத்தில் ஒரு தகவல் மையம் நடத்துவது புது யோசனை இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லிருந்து புதுச்சேரிப் பகுதி கிராமங்களில் தகவல் மையங்களை நடத்தியது. வீராம்பட்டினம் மையத்தில் கடல் அலை முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களைக் கரையிலிருந்து வெளியேற்றினார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் உயிர் தப்பின. போனில் பேசியவர் யாரென்று ஊருக்குத் தெரியும். முன்பின் தெரியாத குரல் என்றால் ஊர் அவ்வளவு வேகமாக ஓடியிருக்குமா?

சர்வருக்கும் இதே கேள்விதான். ‘யார் சொல்லி நான் இதை நம்ப வேண்டும்?’ என்று அது ஒவ்வொரு அப்டேட்டின்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பதில் கிடைக்காதபோது திரையில் வருவதுதான் ‘சாவி இல்லை’, ‘சாவி காலாவதி’ என்ற எச்சரிக்கைகள்.

ஒரு கையெழுத்து, 70 ஆயிரம் மென்பொருள்கள்

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்களில் மென்பொருள்கள் ‘பேக்கேஜ்’ என்ற மூட்டைகளாக ஒரு களஞ்சியத்தில் இருக்கும். 2025 ஆகஸ்ட்டில் வெளிவந்த டெபியன் 13-ல் கிட்டத்தட்ட 70 ஆயிரம் மூட்டைகள். உலகம் முழுக்க பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் இவற்றின் நகல்களை வைத்திருக்கின்றன. உங்கள் சர்வர் எந்த நகலில் இருந்தும் எடுத்துக்கொள்ளும். அந்த நகலை நடத்துபவர் நல்லவரா, வழியில் யாராவது மூட்டையைப் பிரித்து எதையாவது சொருகினார்களா என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் கையொப்பம் வருகிறது. ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்குப் போட்டு ஒரு நீண்ட எண் எடுக்கப்படும். மூட்டையில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் முழுசாக மாறிவிடும். எல்லா மூட்டைகளின் எண்களும் ஒரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலுக்கும் இதேபோல ஒரு எண் எடுத்து, ‘ரிலீஸ்’ என்ற சின்ன கோப்பில் எழுதுவார்கள். டெபியன் குழு தன் ரகசியச் சாவியால் கையெழுத்துப் போடுவது இந்த ஒரு கோப்பில் மட்டும்தான். உங்கள் சர்வரில் இருக்கும் பொதுச்சாவி அந்தக் கையெழுத்து நிஜமானதா என்று பார்க்கும். சரி என்றால் ரிலீஸ் கோப்பை நம்பலாம், அதை வைத்துப் பட்டியலை நம்பலாம், பட்டியலை வைத்து மூட்டையை நம்பலாம்.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ முறையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பரம்பரையாக வரும் ஏற்பாடு அது. ஏரியில் இறால் பிடிக்க எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பது குலுக்கல் மூலம், முறை வைத்து முடிவாகும். ஏரியில் எதிரே வரும் ஒவ்வொருவரையும் நிறுத்தி ‘உனக்கு இங்கே என்ன உரிமை?’ என்று விசாரிக்க வேண்டியதில்லை. ஊர் ஒப்புக்கொண்ட பட்டியலை நம்பினால் போதும். பாட்டில் இடம் இல்லாத ஊர்களுக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மனக்குறை உண்டு, அதனால் தகராறுகளும் நடந்திருக்கின்றன. அது தனியாகப் பேச வேண்டிய கதை. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: பட்டியலின் பலம், அதை ஒப்புக்கொண்டவர் யார் என்பதில் இருக்கிறது.

சாவி ஏன் காலாவதி ஆகிறது?

பால் பாக்கெட் மாதிரி கெட்டுப்போவதால் இல்லை. ரகசியச் சாவி என்றைக்காவது களவு போனால், அது காலாகாலத்துக்கும் செல்லுபடி ஆகக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே ஒரு தேதி போட்டு வைக்கிறார்கள். தேதி நெருங்கும்போது அதே சாவிக்குக் கெடுவை நீட்டிப்பார்கள், அல்லது புதுச் சாவிக்கு மாறுவார்கள். ஜென்கின்ஸ் என்ற பிரபல மென்பொருளின் லினக்ஸ் களஞ்சியம் 2023 மார்ச் 28 முதல் புதுச் சாவிக்கு மாறியது. பழைய சாவியை மட்டும் வைத்திருந்த சர்வர்களில் அப்டேட் நின்றது. புதுச் சாவியை இறக்கிப் போட்டதும் சரியானது.

டெபியனின் சொந்தச் சாவிகளுக்கு இந்தத் தொந்தரவு பெரும்பாலும் இல்லை. புதுச் சாவி ‘கீரிங்’ என்ற மூட்டையாகவே வந்துவிடும். அந்த மூட்டை நம்பகமானது என்று உறுதி சொல்வது பழைய சாவி. பெரியவர் ஒருவர் புது ஆளை அழைத்துவந்து ‘இவன் நம்ம பையன்’ என்று சபையில் சொல்வது மாதிரி. ஆனால் அந்தச் சபைக்கு நீங்கள் போயிருக்க வேண்டும்! இரண்டு மூன்று வருடம் அப்டேட்டே செய்யாமல் சர்வரைக் கிடப்பில் போட்டால் அறிமுகம் செய்யும் பெரியவரும் போய்விடுவார். அதன் பிறகு வரும் புது ஆளை யார் என்று சர்வருக்குத் தெரியாது.

காலாவதி தவிர வேறு காரணங்களும் உண்டு. டெபியன் 13-ல் கையெழுத்தைச் சரிபார்க்கும் வேலையை ‘எஸ்கியூவி’ என்ற புதுக் கருவி செய்கிறது. ‘ஷா-1’ என்ற பழைய, பலவீனமான கணக்கு முறையில் உறுதி செய்யப்பட்ட சாவிகளை 2026 பிப்ரவரி 1 முதல் அது ஏற்பதில்லை. நேற்று வரை ஓடிய களஞ்சியம் இன்று திடீரென்று சிவப்பு எழுத்தில் திட்டினால், தவறு உங்களிடம் இல்லாமலும் இருக்கலாம். களஞ்சியம் நடத்துபவர்தான் தன் சாவியைப் புதுப்பிக்க வேண்டும்.

சாவியே தொலைந்தால்? அதுவும் நடந்தது. ஹேக்கிங் சோதனைகளுக்குப் பேர்போன காளி லினக்ஸ் குழு, தன் களஞ்சியச் சாவி தங்கள் கையை விட்டுப் போய்விட்டதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. திருட்டு இல்லை, தொலைந்துவிட்டது, அவ்வளவுதான். பயனாளர்கள் யாரும் திடீரென்று பாதிக்கப்படக் கூடாது என்று பிப்ரவரி 18-லிருந்தே களஞ்சியத்தில் புதிதாக எதையும் போடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். பழைய சாவி கையில் இல்லாததால் புதுச் சாவியைத் தானாக அனுப்ப வழியில்லை. உலகம் முழுக்க உள்ள பயனாளர்கள் ஒவ்வொருவரும் புதுச் சாவியைக் கையால் இறக்கிப் போட வேண்டி வந்தது. அந்தச் சாவியில் குழுவினர் சிலர் தங்கள் சொந்தக் கையொப்பத்தையும் சேர்த்திருந்தார்கள். பாதுகாப்பையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலை.

எளிய வழி, ஆனால் தப்பான வழி

எச்சரிக்கை வந்ததும் பலரும் செய்வது, அதை அப்படியே காப்பி செய்து கூகுளிலோ ஏஐ-யிடமோ கேட்பது. அதில் தப்பில்லை. ஆனால் கிடைக்கும் பதில்களில் ஒன்று நிச்சயம் இப்படி இருக்கும்: களஞ்சிய முகவரிக்குப் பக்கத்தில் ‘டிரஸ்டட் ஈக்குவல் டு யெஸ்’ என்று போடுங்கள். ஃபெடோரா வகை லினக்ஸ் என்றால் ‘ஜிபிஜிசெக் ஈக்குவல் டு ஜீரோ’. போட்டதும் எச்சரிக்கை மறையும், அப்டேட் ஓடும், வேலை முடிஞ்சது மாதிரி இருக்கும். உண்மையில் நடந்தது என்னவென்றால், ‘யார் சொல்லி நம்புவது?’ என்று கேட்ட காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இனி அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் உள்ளே வரும். அதுவும் சர்வரின் முழு அதிகாரத்தோடு வரும், ஏனென்றால் பேக்கேஜ் நிறுவுவது ரூட் அதிகாரத்தில் நடக்கும் வேலை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், டவுன்லோடு லிங்க்கை மாற்றி, பின்வாசல் வைத்த ஒரு நகலை மக்களுக்குக் கொடுத்தார்கள். தளம் அதேதான், பெயரும் அதேதான். தளத்தின் தோற்றத்தை மட்டும் நம்பி இறக்கியவர்கள் ஏமாந்தார்கள்.

சரியான வழிக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். முதலில் எச்சரிக்கையை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘நோ பப்கீ’ என்றால் சாவி உங்களிடம் இல்லை. ‘எக்ஸ்பயர்டு’ என்றால் கெடு முடிந்துவிட்டது. ‘பேட் சிக்னேச்சர்’ என்றால் கோப்பும் கையெழுத்தும் பொருந்தவில்லை. முதல் இரண்டும் வீட்டுப் பிரச்சினை. மூன்றாவது வந்தால் கையை எடுத்துவிடுங்கள். இறக்கும்போது கோப்பு சிதைந்திருக்கலாம், நகல் சர்வரில் பாதி மாறிய நிலை இருக்கலாம், யாரோ கை வைத்தும் இருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, முடிந்தால் வேறு இணைய இணைப்பில் முயன்று பார்த்து, அப்போதும் தீரவில்லை என்றால் அந்தக் களஞ்சியத்தை நிறுத்தி வைப்பதே நல்லது.

சாவி வேண்டுமென்றால் அந்த மென்பொருளின் அதிகாரப்பூர்வத் தளத்துக்கே போங்கள். ஏழெட்டு வருடத்துக்கு முன் யாரோ எழுதிய குறிப்பில் இருக்கும் சாவி, இன்று செல்லாத சாவியாகத்தான் இருக்கும். பொதுச் சாவி சர்வர்களில் பெயரைத் தேடி எடுப்பதும் ஆபத்து. ஒரு சாவியில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். எழுத முடியாதது ‘ஃபிங்கர்பிரின்ட்’ எனும் 40 எழுத்து அடையாளம். இறக்கிய சாவியின் அடையாளத்தை வேறொரு வழியில் கிடைத்த அடையாளத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த வேறொரு வழி மென்பொருளின் ஆவணமாக இருக்கலாம், ஏற்கெனவே அதைப் பயன்படுத்தும் நண்பரின் கணினியாகவும் இருக்கலாம். 1998-லிருந்து இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழு போன்ற இடங்களில் கேட்டால் சரிபார்த்துச் சொல்ல ஆட்கள் உண்டு. 40 எழுத்தையும் ஒப்பிடுங்கள். கடைசி எட்டு மட்டும் பொருந்துவது போதாது. எட்டு எழுத்து ஒத்துப்போகும் போலிச் சாவியைச் செய்வது இன்று சின்ன வேலை.

இன்னொன்று. முன்பெல்லாம் ‘ஏபிடி-கீ’ என்ற கட்டளையால் சாவியைச் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்த சாவிக்கு எந்தக் களஞ்சியத்தையும் உறுதி செய்யும் அதிகாரம் கிடைத்துவிடும். ஒரு சின்ன மென்பொருளுக்காகச் சேர்த்த சாவி, டெபியனின் பெயரிலேயே கையெழுத்துப் போட முடியும் என்ற நிலை! அந்த முறை இப்போது கைவிடப்பட்டுவிட்டது. இன்று சாவியைத் தனிக் கோப்பாக ‘கீரிங்ஸ்’ ஃபோல்டரில் வைத்து, களஞ்சியத்தின் குறிப்பில் ‘சைன்டு-பை’ என்று அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும். அந்தச் சாவி அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும்தான். ஏரியிலும் அப்படித்தானே, ஒரு பாட்டில் முறை கிடைத்தவர் எல்லாப் பாட்டிலும் வலை கட்ட முடியாது.

மின்சாரம் போனால் கையெழுத்து ஏன் பொய்க்கிறது?

கடலோர ஊர்களில் வீட்டிலேயே ராஸ்பெர்ரி பை வைத்து ஓட்டுபவர்கள் சந்திக்கக்கூடிய ஒரு விசித்திரமான சிக்கல் இது. 2023-ல் வந்த ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய ராஸ்பெர்ரி பைகளில் கடிகாரச் சில்லு கிடையாது. மின்சாரம் போனால் நேரத்தை மறந்துவிடும். திரும்ப வந்ததும் இணையத்தைக் கேட்டுத்தான் நேரத்தைத் தெரிந்துகொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்தது போல, மின்சாரமும் இணையமும் சேர்ந்தே நின்று, மின்சாரம் மட்டும் முதலில் வந்தால் அந்தக் கணினி இன்னும் புயலுக்கு முந்தைய நாளிலேயே இருக்கும். இணையம் வந்து நேரம் சரியாவதற்குள் அப்டேட் ஓடினால், ‘இந்த ரிலீஸ் கோப்பு இன்னும் நடைமுறைக்கே வரவில்லை’ என்று முறைக்கும். வெப்சைட்டுகளின் பாதுகாப்புச் சான்றிதழ்களும் குழப்பமாகத் தெரியும். சாவியில் கை வைக்காதீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரியோடு கூடிய சின்ன கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்தால் இந்தத் தொல்லை தீரும்.

சான்றிதழ் என்றதும் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். பிரவுசரில் தெரியும் பூட்டுப் படத்துக்கான சான்றிதழ் வேறு, பேக்கேஜ் சாவி வேறு. முன்னது வாசகர் உங்கள் சர்வரை நம்புவதற்கு, பின்னது உங்கள் சர்வர் மென்பொருளை நம்புவதற்கு. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் வழக்கமான சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். கெடு முடியப்போகிறது என்று மின்னஞ்சலில் நினைவூட்டுவதை 2025 ஜூனில் அந்த அமைப்பு நிறுத்திவிட்டது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சத்தமில்லாத ஆபத்து

சின்ன சர்வர்களுக்குப் போலி மூட்டை வருவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சாவி பழுதானதும் அப்டேட் நின்றுவிடும், வெப்சைட் நிற்காது. பக்கம் திறக்கிறது, அலை உயரம் தெரிகிறது, எல்லாம் நல்லபடியாக இருப்பதுபோலவே இருக்கும். தானியங்கி அப்டேட் போட்டு வைத்தவர்கள் இன்னும் நிம்மதியாக இருப்பார்கள், ஏனென்றால் தோல்விச் செய்தி யாரும் திறக்காத ஒரு லாக் கோப்பில் தூங்கும். ஆறு மாதம் கழித்து பிஹெச்பி-யில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போது, திருத்தம் உலகத்துக்கே வந்திருக்கும், உங்கள் சர்வருக்கு மட்டும் வந்திருக்காது. இணையம் முழுக்க ஓட்டை தேடும் நிரல்களுக்கு, இது ஒரு குப்பத்தின் பக்கம்தானே என்ற இரக்கமெல்லாம் கிடையாது. புயல் நாளில் அந்தப் பக்கத்தில் ‘கடலுக்குப் போகலாம்’ என்று யாராவது மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை கையால் ‘ஏபிடி அப்டேட்’ ஓட்டி, வரும் வரிகளைக் கண்ணால் படிப்பதற்கு மாற்று இல்லை. சர்வரில் வெளிக் களஞ்சியங்கள் எத்தனை குறைவோ அத்தனை நல்லது. டெபியனிலேயே கிடைக்கும் மென்பொருளுக்கு, ‘இன்னும் புதுசு’ என்ற ஆசையில் வெளியிலிருந்து ஒரு களஞ்சியத்தைச் சேர்த்தால் கூடவே ஒரு சாவியையும் தத்தெடுக்கிறீர்கள். அதன் கெடு தேதியை யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். சர்வரை ஏற்றி வைத்த பையன் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போய்விட்டால் அந்த யாராவது யார்?

சாவி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2008-ல் ரெட் ஹேட் நிறுவனத்தின் அமைப்புக்குள் புகுந்தவர்கள், சில ஓபன்எஸ்எஸ்ஹெச் மூட்டைகளுக்கு ரெட் ஹேட்டின் கையெழுத்தையே போட்டுவிட்டார்கள். 2024 மார்ச்சில் ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்கக் கருவியில் பின்வாசல் இருப்பது தெரியவந்தபோது, அது டெபியனின் சோதனைப் பதிப்புகளுக்குள் முறையான கையெழுத்தோடுதான் வந்திருந்தது. லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளரால்தான் அது பிடிபட்டது. கையெழுத்து சொல்வது ‘இது இன்னாரிடமிருந்து வந்தது’ என்பதை மட்டும். உள்ளே இருப்பது நல்லதா என்பதை அது சொல்லாது.

தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாமலே இந்தச் சாவிகளோடு பழக்கம் இருந்திருக்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து, சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் போட்டுக் கொடுக்கப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது அது. அந்த மடிக்கணினி இன்னும் வீட்டுப் பரணில் ஓடும் நிலையில் இருந்தால், சர்வர் பழகுவதற்கு அதுவே போதும். அதில் இருக்கும் பழைய பதிப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

எந்தப் பதிப்பை ஏற்றுவது என்பதிலும் தேதி முக்கியம். டெபியன் 10-க்கான நீண்ட கால ஆதரவு 2024 ஜூன் 30-ல் முடிந்துவிட்டது. டெபியன் 11-க்கு 2026 ஆகஸ்ட் 31 வரையும், டெபியன் 12-க்கு 2028 ஜூன் 30 வரையும், டெபியன் 13-க்கு 2030 ஜூன் 30 வரையும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஆதரவு முடிந்த பதிப்புகள் பிறகு பழைய ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றப்படும். அங்கே சாவியைப் புதுப்பித்துப் பயனில்லை, ஓட்டைகளுக்குத் திருத்தமும் வராது. அடுத்த பதிப்புக்கு மாறுவது ஒன்றே வழி. அதுவும் ஒவ்வொரு படியாக, 11-லிருந்து 12, பிறகு 13. நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதை டெபியன் ஆதரிப்பதில்லை. தொடங்கும் முன் வெப்சைட்டின் கோப்புகளையும் டேட்டாபேஸையும் வேறொரு இடத்தில் பேக்கப் எடுத்து, அதைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு கை வையுங்கள்.